டேலியில் கிரெடிட் நோட்: பழைய பில்லைத் திருத்தாதீர்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மகாராஷ்டிரத்துக்கு 100 மூட்டை ஜவ்வரிசி போகிறது. ஈரப்பதம் அதிகம் என்று 5 மூட்டை திரும்பி வருகிறது. உடனே பலர் டேலி கணக்கு மென்பொருளில் பழைய பில்லைத் திறந்து 95 என்று மாற்றிவிடுகிறார்கள். ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) தாக்கல் செய்த பிறகு இப்படிச் செய்தால் கணக்குப் புத்தகம் ஒன்று சொல்லும், ஜிஎஸ்டி போர்ட்டல் வேறொன்று சொல்லும். தயவுசெய்து வேண்டாம். அதற்குப் பதில் கிரெடிட் நோட் போடுங்கள்; பில் தொகையில் இவ்வளவு குறைகிறது என்று வாடிக்கையாளருக்குத் தரும் சீட்டு அது.

டேலி பிரைமில் ஆல்ட் + எஃப்6 அழுத்தினால் கிரெடிட் நோட் வரும். பழைய பில்லின் எண், தேதி இரண்டையும் குறிப்பிடுங்கள். வரி விகிதமும் அந்தப் பில்லில் உள்ளதேதான்.

சரக்கு திரும்பி வந்தால் ஐட்டம் இன்வாய்ஸ் முறையில் போடுங்கள், இருப்பு தானாகக் கூடும். விலையை மட்டும் குறைத்துக் கொடுத்திருந்தால் கன்ட்ரோல் + எச் அழுத்தி அக்கவுன்டிங் இன்வாய்ஸுக்கு மாறிவிடுங்கள். இல்லாவிட்டால் குடோனில் இல்லாத மூட்டை கணக்கில் ஏறிவிடும்.

பலர் தவறவிடும் இடம் பில்வாரி விவரம். அங்கே ‘நியூ ரெஃப்’ (புதுக் கணக்கு) கொடுக்காமல் ‘அகெய்ன்ஸ்ட் ரெஃப்’ (பழைய பில்லுக்கு எதிராக) கொடுத்து அந்தப் பழைய பில்லையே தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் பாக்கிப் பட்டியலில் அந்தப் பில்லின் தொகை குறையும். வாடிக்கையாளரிடம் முழுப் பணத்தையும் கேட்டுச் சங்கடப்பட வேண்டியிருக்காது.

அப்புறம் கெடு. 2025-26 பில்லுக்கான கிரெடிட் நோட்டை 2026 நவம்பர் 30-க்குள் ரிட்டர்னில் காட்ட வேண்டும். ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே தாக்கல் செய்தால் அந்தத் தேதியே கெடு. தாண்டினால் வரியைக் குறைக்க முடியாது.