டீசல் ஜெனரேட்டருக்குப் பதில் எரிபொருள் கலம்: எங்கே சறுக்குகிறது

எரிபொருள் கலம் ஹைட்ரஜன் கொடுத்தால்தான் மின்சாரம் கொடுக்கும். ஆனால் வாங்குபவர்கள் கலத்தின் விலையை அலசுகிற அளவுக்கு ஹைட்ரஜன் எங்கிருந்து வரும் என்று அலசுவதில்லை. ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33.3 யூனிட் ஆற்றல் உண்டு. மெல்லிய பாலிமர் சவ்வைக் கொண்ட பெம் (PEM) வகைக் கலம் அதில் ஏறக்குறைய பாதியை, சுமார் 16 யூனிட்டை, மின்சாரமாகத் தரும். அதே ஒரு கிலோவைத் தண்ணீரிலிருந்து பிரிக்க 50 முதல் 55 யூனிட் செலவாகும். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஆக, ஈ.பி. கரன்ட்டில் தயாரித்த ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 35 கிலோவுக்கு மேல்! இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தால்கூட 10 கிலோ சொச்சம்தான். பசுமை ஹைட்ரஜன் என்று சொல்லிக்கொள்ள மத்திய அரசு 2023இல் வைத்த வரம்பு 2 கிலோ.

சிலிண்டர் கணக்கிலும் ஏமாறுகிறார்கள். 150 பார் அழுத்தத்தில் 47 லிட்டர் சிலிண்டருக்குள் இருப்பது அரை கிலோவுக்குச் சற்று அதிகம். ஒரு கிலோவாட் லோடு எட்டு மணி நேரம் ஓடும், அவ்வளவே.

அடுத்தது வாயுவின் தூய்மை. அதிகச் செலவு வைக்கும் தவறு இதுதான். சான்றிதழில் 99.99 சதவீதம் என்று பார்த்ததும் திருப்தியடையக் கூடாது. மிச்சமுள்ள 0.01 சதவீதம் என்பது 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு). அது நைட்ரஜனாக இருந்தால் பெரிய பாதகமில்லை. அதில் நூற்றில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடாக இருந்தால்கூட 1 பிபிஎம் ஆகிவிடும். வாகனக் கலங்களுக்கான ஐஎஸ்ஓ 14687 தரம் அனுமதிப்பதோ 0.2 பிபிஎம். பெம் கலம் 60 முதல் 80 டிகிரி வெப்பத்தில் இயங்குவதால், மோனாக்சைடு கலத்தின் வினையூக்கியான பிளாட்டினத்தில் ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜனுக்கு இடம் விடாது. சுத்தமான வாயு செலுத்தினால் இது ஓரளவு சரியாகும். கந்தகம் ஒட்டினால் மீட்பது கடினம். எனவே மோனாக்சைடு, கந்தகம் இரண்டின் அளவையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். காற்று உள்ளே போகும் வழியையும் பழைய ஜெனரேட்டரின் புகைக்குழாய்ப் பக்கம் வைக்காதீர்கள்.

மின்னழுத்தம் நிலையாக இருக்கும் என்று நம்பி இன்வெர்ட்டரை நேராக இணைப்பதும் நடக்கிறது. கலத்துக்குள் 72 செல்களைச் சேர்த்து வைத்த அடுக்கு, லோடு இல்லாதபோது 68 வோல்ட் வரை காட்டும். முழு லோடில் 47 வோல்ட்டுக்கு இறங்கும். இடையில் மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் டிசி-டிசி கன்வெர்ட்டர் அவசியம். மோட்டார் திடீரென்று கரன்ட்டை இழுக்கும்போது ஹைட்ரஜன் அதே வேகத்தில் வந்து சேராது. பட்டினி கிடக்கும் செல்லில் மின்னழுத்தம் தலைகீழாகி, மின்வாயின் கார்பனே அரிபட்டுப் போகும். அந்த முதல் சில நொடிகளைத் தாங்க ஒரு பேட்டரி வேண்டும்.

வாயுக் கசிவைக் காட்டும் சென்சாரை எல்பிஜிக்கு வைப்பதுபோலத் தரையோரம் பொருத்துவது ஆபத்து. ஹைட்ரஜன் காற்றைவிட 14 மடங்கு இலேசு. நேரே கூரைக்குப் போகும். மணமில்லை, பகலில் அதன் சுடரும் கண்ணுக்குத் தெரியாது, காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். சென்சாரும் காற்றுப்போக்கியும் அறையின் உச்சியில் இருக்கட்டும். 1 சதவீதத்திலேயே அலாரம் அடிக்கட்டும். ஃபால்ஸ் சீலிங் உள்ள அறையே வேண்டாம்.

மின்தடைக்கு மட்டும் என்று மாதக்கணக்கில் சும்மா விட்டால் சவ்வு காய்ந்துவிடும். மாதம் ஒருமுறையாவது லோடு கொடுத்து ஓட்டுங்கள்.