உதவித்தொகை வரவில்லையா? தாலுகா ஆபீசுக்கு ஆட்டோ பிடிக்கும் முன் இதைப் பாருங்கள்

மாதம் பிறந்து பத்து நாள் ஆகியும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை வரவில்லை என்றால் நம் ஆட்கள் முதலில் செய்வது தாலுகா ஆபீசுக்கு ஆட்டோ பிடிப்பதுதான். போக இருநூறு, வர இருநூறு, வரவேண்டிய பணமே 1,500. அங்கே போனால் "நாங்க அனுப்பிட்டோம், பேங்க்ல கேளுங்க" என்பார்கள். பேங்கில் "எங்களுக்கு வரலை, ஆபீஸ்ல கேளுங்க" என்பார்கள். பல சமயம் இரண்டு பேரும் சொல்வது உண்மை. பணம் இந்த இரண்டு இடத்திலும் இல்லாமல் மூன்றாவது ஓர் இடத்தில் இருக்கும்.

அதற்கு முன், உங்களுக்கு வருவது எந்தப் பணம் என்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று வருவாய்த் துறை தருவது, 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாய். 80 சதவீதத்துக்கு மேல் ஊனமும் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பமும் என்றால் மத்திய அரசுத் திட்டத்தில் சேர்ப்பார்கள், அதில் 300 ரூபாய்தான் டெல்லி தருவது, மீதி மாநிலம் போடுவது. 40 சதவீதத்திலிருந்து மாநிலத் திட்டம் இருக்கிறது. இந்த இரு திட்டத்துக்கும் தாலுகா ஆபீசில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்தான் பொறுப்பு, ஊரில் ஓஏபி (முதியோர் உதவித்தொகை) தாசில்தார் என்றால் எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு அது. அதற்குப் போக வேண்டிய இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், தாலுகா ஆபீஸ் இல்லை. இது தெரியாமல் தப்பான வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, எந்தத் தேதியில் வரும்? சம்பளம் மாதிரி அடித்துச் சொல்ல முடியாது. பெரும்பாலும் மாதத்தின் முதல் வாரத்தில் வந்துவிடும், சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தால் தள்ளிப்போகும். ஏப்ரலில் தாமதம் சகஜம்: ஒன்றாம் தேதி பேங்குகளில் ஆண்டுக் கணக்கு முடிப்பு, அப்புறம் புது நிதியாண்டுக்கு நிதி ஒதுக்கீடு வந்து கருவூலத்தில் பில் பாஸ் ஆகவேண்டும். அதனால் பத்தாம் தேதி வரை பொறுக்கலாம். பக்கத்து வீட்டில் 15ஆம் தேதி வாக்கில் 1,000 வந்துவிட்டதே, நமக்கு வரவில்லையே என்று குழம்பாதீர்கள், அது மகளிர் உரிமைத் தொகை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

புதிதாக விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு விஷயம். இ-சேவை மையத்தில் கொடுக்கும் ரசீது வெறும் விண்ணப்ப எண்தான். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரித்து அறிக்கை கொடுத்து, தாசில்தார் ஆணை போட்ட பிறகுதான் நீங்கள் பட்டியலில் வருவீர்கள். ஆணையில் எந்த மாதம் போட்டிருக்கிறதோ அதிலிருந்துதான் பணம். எனவே பேங்கில் போய் "இன்னும் வரலையா" என்று கேட்பதற்கு முன் ஆணை கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது அந்த மூன்றாவது இடம். பணத்தைக் கணக்கு எண்ணுக்கும் அனுப்பலாம், ஆதார் எண்ணுக்கும் அனுப்பலாம். ஆதாருக்கு அனுப்பினால், பேங்குகளுக்கு இடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ என்ற அமைப்பு வைத்திருக்கும் ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் அது எந்த பேங்குக்குப் போவது என்று முடிவாகும். ஓர் ஆதாருக்கு ஒரே ஒரு பேங்க்தான், கடைசியாக எந்த பேங்கில் சீடிங் (அரசுப் பணம் வருவதற்காக ஆதாரைக் கணக்கோடு இணைப்பது) செய்தீர்களோ அதுதான். என் சித்தப்பாவுக்கு மூன்று மாதம் பணம் வரவில்லை. பாஸ்புக்கை நாலு முறை பதிந்து பார்த்தாயிற்று, தாலுகா ஆபீசில் சண்டையும் போட்டாயிற்று. கடைசியில் பார்த்தால், நகைக்கடனுக்காக வேறொரு பேங்கில் கணக்குத் திறந்தபோது கையெழுத்து வாங்கிய ஏழெட்டுத் தாளில் ஆதார் சீடிங் சம்மதமும் ஒன்று. மூன்று மாதப் பணமும் அங்கே பத்திரமாக இருந்தது! இது அவருக்கு மட்டும் நடந்ததில்லை. 2017இல் சிம் கார்டு சரிபார்க்கப் போனவர்களுக்கே தெரியாமல் பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு திறக்கப்பட்டு, காஸ் மானியம் அங்கே போய்ச் சேர்ந்த கூத்து நாடு முழுக்க நடந்தது.

இதைப் பார்க்க ஆபீஸ் போகவேண்டாம். மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போனால், ஆதார் எந்த பேங்கோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் பகுதி இருக்கிறது. போன் நம்பர் ஆதாரில் இல்லாவிட்டால் இ-சேவை மையத்திலோ பேங்கிலோ கேளுங்கள். கேட்கும்போது கவனம்: "ஆதார் லிங்க் ஆயிருக்கா" என்று கேட்டால் "ஆயிருக்கு" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் கேஒய்சிக்கு, அதாவது பேங்க் கேட்கும் அடையாளச் சரிபார்ப்புக்கு, ஆதார் கொடுத்திருப்பீர்கள். அது வேறு, இது வேறு. "என்பிசிஐ சீடிங் உங்க பேங்க்ல இருக்கா" என்று கேளுங்கள். மாற்ற வேண்டுமென்றால், எந்த பேங்கில் பணம் வேண்டுமோ அங்கே சம்மதப் படிவம் எழுதிக் கொடுத்தால் போதும்.

கணக்கு எண்ணுக்கு அனுப்பும் பணம் என்றால் சிக்கல் வேறு மாதிரி. 2019இல் பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் ஒன்றாகித் தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. 2020இல் சிண்டிகேட் கனராவோடும், ஆந்திரா, கார்ப்பரேஷன் இரண்டும் யூனியனோடும், அலகாபாத் இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. பேங்க் கிளையின் குறியீடான ஐஎஃப்எஸ்சி எல்லாம் மாறிவிட்டது. ஆபீஸ் பதிவில் பழைய விவரம் கிடந்தால் பணம் திரும்பிப் போகலாம், ஆகவே புதுப் பாஸ்புக்கின் முதல் பக்க நகலைக் கொடுத்து வையுங்கள். கேஒய்சி புதுப்பிக்காமல் கணக்கு முடங்கியிருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். 1,500க்குப் பதில் குறைவாகத் தெரிந்தால் மினிமம் பேலன்ஸ், எஸ்எம்எஸ் கட்டணம் என்று பேங்க் பிடித்திருக்கலாம். அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள், அதற்கு மினிமம் பேலன்ஸ் கிடையாது.

பணம் வந்தும் எடுக்க முடியாதவர்கள் இன்னொரு வகை. கைரேகை தேய்ந்தவர்கள், தொழுநோயில் விரல் இழந்தவர்களுக்குக் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் மெஷின் ஒத்துக்கொள்ளாது. ஆதார் மையத்தில் கருவிழிப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம், ஆனால் எல்லா இடத்திலும் கருவிழி மெஷின் இருக்காது என்பதால் ஏடிஎம் கார்டு வாங்கி வைப்பதுதான் நல்லது.

யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) தற்காலிகமானதா, எப்போது முடிகிறது என்றும் திருப்பிப் பாருங்கள். முடிந்தபின் ஓடாதீர்கள், இரண்டு மூன்று மாதம் முன்பே மருத்துவ முகாமுக்குப் போங்கள். பராமரிப்புத் தொகை வாங்குபவர்கள் உயிர்வாழ் சான்று கேட்டால் உடனே கொடுங்கள், அது இல்லாவிட்டால் பணம் நின்றுவிடும்.

இவ்வளவும் பார்த்தும் வரவில்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். திரும்பிப் போன பணம் தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். எந்தெந்த மாதம் வரவில்லை, ஆணை எண் என்ன என்று எழுதி, பாஸ்புக் நகலோடு கொடுத்துக் கையோடு ரசீது வாங்குங்கள். பதில் இல்லையா, முதல்வரின் உதவி மைய எண் 1100க்குப் போன் செய்யுங்கள், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 10 ரூபாயில் ஒரு தகவல் உரிமை மனு: "எனக்கு இந்த மூன்று மாதத் தொகை எந்தத் தேதியில், எந்த பேங்குக்கு அனுப்பப்பட்டது?" முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். கேள்வியில் "எந்த பேங்குக்கு" என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.