கையெழுத்து கிடைத்துவிட்டது, சம்மதம் கிடைத்ததா?

மருத்துவத் தகவலைப் பகிர ஒப்புதல் கேட்கும் படிவங்களில் பல, கையெழுத்துப் போடப்போகிறவரை மனதில் வைத்து எழுதப்படுவதில்லை. நாளைக்கு வழக்கு என்று வந்தால் எடுத்துக் காட்ட ஒரு தாள் வேண்டும் என்று எழுதப்படுகின்றன. கீழே சொல்லும் தவறுகளில் பாதி அங்கிருந்து பிறப்பவைதான்.

அவற்றில் பெரியது, நோக்கத்தை அகலமாக எழுதி வைப்பது. அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குப் பகுதியில் வாழும் ஹவாசுபாய் பழங்குடி மக்கள், 1990இல் தொடங்கி, நீரிழிவு ஆய்வுக்கு என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். படிவத்தில் இருந்ததோ 'நடத்தை, மருத்துவக் கோளாறுகள்' என்ற பொதுவான சொற்கள். அதே ரத்தம் மனச்சிதைவு நோய் ஆய்வுக்கும் போனது. அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போனது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்களின் நம்பிக்கை. 2010இல், ஆய்வை நடத்திய அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுக்கவும், மிச்சமிருந்த மாதிரிகளைத் திருப்பித் தரவும் சம்மதித்தது. தாளில் எல்லாவற்றுக்கும் இடமிருந்தது. அந்த மக்கள் தலையாட்டியது ஒன்றே ஒன்றுக்கு.

ஆகவே 'ஆராய்ச்சிக்குப் பயன்படும்' என்பதோடு நிறுத்தாதீர்கள். "உங்கள் சர்க்கரை அளவும் மருந்து விவரமும் ஆய்வுக் குழுவுக்குப் போகும். மனநலச் சிகிச்சைக் குறிப்புகள் போகாது. காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க மாட்டோம்." இப்படி எழுதிப் பாருங்கள். எது போகாது என்று சொல்வதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். படிப்பவரின் மனதில் முதலில் எழும் கேள்வியே அதுதான். நோக்கம் பிறகு மாறினால் மறுபடியும் கேட்க வேண்டும்.

அடுத்தது, "பெயரை நீக்கிவிடுவோம், யாராலும் உங்களை அடையாளம் காண முடியாது" என்ற வாக்குறுதி. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்று மட்டும் சேர்ந்தாலே அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று கணினி அறிஞர் லதான்யா ஸ்வீனி 2000இல் கணக்கிட்டார். ஆபத்து குறைவு என்றால் குறைவு என்று எழுதுங்கள். இல்லவே இல்லை என்று எழுதாதீர்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் கட்டிவிடுவது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவரிடம், சிகிச்சைக்கான ஒப்புதலோடு தகவல் பகிர்வுக்கான ஒப்புதலையும் சேர்த்து நீட்டினால், அவர் மறுப்பாரா? மறுத்தால் சிகிச்சை தாமதமாகுமோ என்ற பயம்தான் வரும். இரண்டையும் தனித்தனித் தாளில், முடிந்தால் தனித்தனி நாளில் கேளுங்கள். 'மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் மாற்றமில்லை' என்பது முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். முன்கூட்டியே டிக் போட்ட கட்டங்களும் கூடாது. 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை ஒப்புதலாகவே ஏற்பதில்லை.

ஒப்புதலைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். ஒரு தட்டலில் வாங்கிவிட்டு, விலகக் கடிதம் எழுதச் சொல்வது அநியாயம். முடிந்துபோன ஆய்விலிருந்து தகவலைப் பிரித்தெடுக்க முடியாது என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

படிவத்தைக் கவர்ச்சியாக்குகிறோம் என்று சிரிக்கும் குடும்பத்தின் படத்தைப் போடுவதால் பயனில்லை. தகவல் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று காட்டும் எளிய அம்புக்குறிப் படம் உண்மையிலேயே உதவும்.

கடைசியாக, அச்சுக்கு அனுப்புமுன் மருத்துவமோ சட்டமோ படிக்காத ஐந்தாறு பேரிடம் கொடுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் "சரி" என்றுதான் சொல்வார்கள். "உங்கள் தகவல் யாரிடம் போகும், வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தடுமாறும் இடத்தில் இருக்கும் வாக்கியத்தை மாற்றி எழுதி, வேறு ஐந்து பேரிடம் மீண்டும் கொடுங்கள்.