வெயிலில் நின்ற எஸ்டீம் ஸ்டார்ட் ஆகவில்லையா? எம்பிஎஃப்ஐ கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

வேலூர் வெயிலில் பழைய மாருதி எஸ்டீம் கார் ஓட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிற வண்டியைக் காட்பாடியிலிருந்து ஓட்டிவந்து, மண்டித் தெருப் பக்கம் நிறுத்திவிட்டுச் சாமான் வாங்கிக்கொண்டு கால் மணி நேரத்தில் திரும்பினால், செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. பெட்ரோல் பம்பை மாற்று, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசிஎம்மை மாற்று என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். என் வண்டியில் இதே கோளாறு வந்து, அளந்து பார்த்துச் சரிசெய்த பிறகுதான் எழுதுகிறேன். எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். இந்த வண்டிகளுக்கு உதிரிபாகம் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. நல்லதைக் கழற்றி எறிய நமக்கு வசதி இல்லை.

இங்கே சொல்லும் அளவுகள் எஸ்டீம் 1.3 எம்பிஎஃப்ஐக்கு, அதாவது கார்பரேட்டர் இல்லாமல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் பீச்சும் வண்டிக்கு. மற்ற வண்டிக்கு அதன் மேனுவலைப் பாருங்கள். பேட்டரி, பிளக், ஏர் ஃபில்டர் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

தேவையானவை

T வடிவ இணைப்போடு வரும் ஃப்யூவல் பிரஷர் கேஜ், மல்டிமீட்டர், ஹோஸை நெரிக்கும் கிளாம்ப் இரண்டு. ஸ்கேனர் வாங்க வேண்டாம். அந்தக் காலத்து இசிஎம் அதோடு அதிகம் பேசாது. அந்தப் பணத்தில் நல்ல கேஜ் வாங்கினால் ஆயுசுக்கும் உதவும்.

1. கருவி இல்லாமல் ஒரு சோதனை

வண்டி சூட்டில் மக்கர் செய்யும்போதே இதைப் பாருங்கள். செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் செய்யுங்கள். பின்னால் டேங்கில் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும். ஆஃப் செய்து மறுபடி ஆன். மூன்று முறை இப்படிச் செய்துவிட்டுச் செல்ஃப் அடித்தால் உடனே பிடிக்கிறதா? அப்படியென்றால் நிறுத்திய பிறகு லைனில் பிரஷர் நிற்கவில்லை. மாறாக, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு அடித்தால்தான் கறுப்புப் புகையோடு பிடிக்கிறது என்றால், பெட்ரோல் அதிகமாகிவிட்டது.

2. செக் இன்ஜின் விளக்கு

கோளாறுக் குறியீட்டைக் காட்டவைக்கும் டயக்னாஸ்டிக் டெர்மினலை ஒரு வயரால் எர்த் செய்து, சாவியை ஆன் செய்தால் விளக்கு கண் சிமிட்டும். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். 14 அல்லது 15 வந்தால், இன்ஜின் சூட்டை இசிஎம்முக்குச் சொல்லும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சர்க்யூட்டைப் பார்க்க வேண்டும்.

12 வந்துவிட்டது என்று சென்சாரை விட்டுவிடாதீர்கள். வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் இசிஎம் கோளாறுக் குறியீடு போடும். சென்சார் மெல்லத் தவறான அளவு காட்டினால் அதற்குத் தெரியாது. இன்ஜின் ஜில்லென்று இருப்பதாக நினைத்துச் சூட்டிலும் பெட்ரோலை ஊற்றும். சென்சாரின் மின்தடையை மீட்டரில் பாருங்கள்: 20 டிகிரியில் சுமார் 2.2 முதல் 2.7 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 0.3. மே மாதம் நம் ஊரில் 20 டிகிரிக்கு எங்கே போவது? மதியம் 40 டிகிரி நிழலில் ஆறிய இன்ஜினில் ஒரு கிலோ ஓமுக்குச் சற்று மேலே காட்டினால் சென்சார் சரி.

3. பிரஷர்

முதலில் பம்ப் ரிலேயைக் கழற்றிவிட்டு இன்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். லைனில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். மூடிய ஷெட்டில் வேண்டாம், திறந்த இடத்தில் இன்ஜின் ஆறியிருக்கும்போது செய்யுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் லைனில் கேஜை மாட்டிவிட்டு, ரிலேயையும் பேட்டரியையும் திரும்ப இணையுங்கள். இன்ஜின் ஓடாமல் பம்ப் மட்டும் ஓடும்போது 2.7 முதல் 3.1 பார். ஐடிலிங்கில் 2.1 முதல் 2.6. பிரஷரை அளவில் வைக்கும் ரெகுலேட்டரின் வாக்யூம் ஹோஸைப் பிடுங்கினால் பிரஷர் ஏற வேண்டும். பிடுங்கிய ஹோஸில் பெட்ரோல் வாசம் வந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்துவிட்டது, வேறு யோசனையே வேண்டாம். பிரஷர் குறைவாக இருந்தால், மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸை ஒரு நொடி மட்டும் நெரியுங்கள். ஜிவ்வென்று ஏறினால் ரெகுலேட்டர். ஏறாவிட்டால் ஃபில்டர், அப்புறம்தான் பம்ப்.

4. நிறுத்திய பிறகு என்ன ஆகிறது

பெரும்பாலானோர் பிரஷர் சரி என்றதும் கேஜைக் கழற்றிவிடுகிறார்கள். சூட்டுத் தொல்லைக்கு விடை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. வண்டியை நிறுத்தியதும் ஃபேன் காற்றும் இல்லை, கூலன்ட் ஓட்டமும் இல்லை. பானட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ரெயிலில் இருக்கும் பெட்ரோல் அழுத்தத்தில் இருக்கும்வரை கொதிக்காது. அழுத்தம் போய்விட்டால் ஆவியாகிவிடும், இன்ஜெக்டர் ஆவியைத்தான் பீச்சும்.

எனவே நிறுத்திவிட்டு முள்ளைப் பாருங்கள். ஒரு நிமிஷம் கழித்தும் 2 பாருக்கு மேல் நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் எங்கே கசிகிறது என்று பிரித்துப் பார்க்கலாம். பிரஷர் ஏற்றி, நிறுத்திய உடனே டேங்கிலிருந்து வரும் ஹோஸை நெரியுங்கள். முள் நின்றால், பெட்ரோல் பின்னால் போகாமல் தடுக்க பம்பில் உள்ள செக் வால்வுதான் கோளாறு. நிற்கவில்லையா? அதை விட்டுவிட்டு, மறுபடி ஏற்றி, நிறுத்தியதும் ரிட்டர்ன் ஹோஸை நெரியுங்கள். இப்போது நின்றால் ரெகுலேட்டர். இரண்டையும் நெரித்தும் இறங்கினால், வெளியே ஈரம் எதுவும் இல்லையென்றால், ஏதோ ஒரு இன்ஜெக்டர் சொட்டுகிறது. பிளக்குகளைக் கழற்றினால் எந்த சிலிண்டர் என்று நனைந்த பிளக் சொல்லிவிடும்.

கவனம்: கிளாம்ப் போடும் இடம் கேஜுக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்க வேண்டும். கேஜுக்கும் ரெயிலுக்கும் நடுவில் போட்டால் கேஜ் பம்ப் பக்கத்தை மட்டுமே காட்டும். நல்ல பம்ப் குப்பைக்குப் போவதும், கெட்ட இன்ஜெக்டர் தப்பிப்பதும் இதனால்தான். ஹோஸ் கல் மாதிரி இறுகியிருந்தால் நெரிக்காதீர்கள், வெடித்துவிடும். முதலில் அதை மாற்றுங்கள்.

5. இன்ஜெக்டர்

நீள ஸ்க்ரூடிரைவரை மேலே வைத்துக் காதைக் கொடுத்தால் நான்கும் ஒரே மாதிரி டிக் டிக் என்று தட்ட வேண்டும். சந்தேகமானதைக் கழற்றி அல்ட்ராசானிக் முறையில் கழுவி, நான்கின் அளவையும் பக்கத்தில் வைத்துக் காட்டும் கடையில் கொடுங்கள். டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது சொட்டும் இன்ஜெக்டரை மூடாது.

பின்சேர்க்கை

ஆம்பூரிலிருந்து ஒருவர், ஃபில்டர் மாற்றிக் கொஞ்ச நாளிலேயே மறுபடி அடைப்பதாக எழுதியிருந்தார். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய டேங்கில் ஒட்டியிருக்கும் அழுக்கை எத்தனால் கிளப்பிவிடும், பழைய ரப்பரையும் கெடுக்கும். டேங்கை இறக்கிக் கழுவாமல் ஃபில்டர் மட்டும் மாற்றிப் பயனில்லை. ஹோஸ் வாங்கும்போது எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். கார்பரேட்டர் ஹோஸ் இந்த அழுத்தத்துக்குத் தாங்காது.

இன்னொருவர் கேஸ் கிட் போட்ட வண்டி வைத்திருக்கிறார், அவருக்கு அடிக்கடி பம்ப் போகிறது. டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிரவைப்பதே பெட்ரோல்தான். கேஸில் ஓடும்போதும் பம்ப் சுற்றிக்கொண்டிருந்தால், காலி டேங்கில் அது வெந்துவிடும். கிட் மாட்டியவரிடம் கேஸுக்கு மாறியதும் பம்ப் ரிலே கட் ஆகிறதா என்று கேளுங்கள். கட் ஆகாவிட்டால் கால் டேங்க் பெட்ரோலாவது எப்போதும் இருக்கட்டும்.