கத்திரி வெயிலில் புல் மைதானத்தைக் காப்பது எப்படி?

வேலூர்ப் பக்கம் மைதானம் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கோடையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிக்காதீர்கள். மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். அப்புறம் ஒரு நாள் மோட்டார் ஓடாவிட்டாலும் புல் சுருண்டுவிடும். நான் பார்ப்பது பள்ளிக்கூட மைதானம், அருகம்புல்.

வாரத்துக்கு 25 மில்லிமீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர் என்று தொடங்குங்கள். அதை இரண்டு தடவையாக, விடிவதற்கு முன்னால் விடுங்கள். ஸ்பிரிங்க்ளருக்குக் கீழே அங்கங்கே காலி டப்பா வைத்து, ஸ்கேலால் அளந்தால் எந்த மூலைக்குத் தண்ணீர் போகவில்லை என்று தெரிந்துவிடும். பிறகு ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்துங்கள். அரை அடி சுலபமாக இறங்கினால் போதும், நிறுத்திவிடலாம்.

அடுத்து எப்போது விடுவது? காலையில் நடந்து பாருங்கள். கால்தடம் பட்ட புல் நிமிராமல் அப்படியே படுத்திருந்தால், பச்சை மங்கி நீலச் சாம்பலாகத் தெரிந்தால், அதற்குத் தாகம். மேடான இடங்களில்தான் இது முதலில் தெரியும். அங்கே மட்டும் ஹோஸ் பிடித்தால் போதும். தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடினால், தோட்ட வேலைக்கான முள்கரண்டியால் மண்ணைக் குத்தி ஓட்டை போட்டு மெதுவாக விடுங்கள்.

புல்லை ஒட்ட வெட்டாதீர்கள். மிஷினை ஒரு படி உயர்த்துங்கள். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். பிளேடு மழுங்கியிருந்தால் நுனி கிழிந்து வெளுத்துப்போகும். வெட்டிய தூளை அங்கேயே விடலாம்.

பாலாற்றுப் பக்கத்து போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. மண்மேல் வெள்ளையாகப் பூத்தால், விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேளுங்கள், தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் உப்பைச் சரிசெய்ய என்று ஜிப்சம் கொட்டுவது வீண் செலவு.

தண்ணீரே போதவில்லையா? கோல் போஸ்ட் முன்னாலும் மைதானத்தின் நடுவிலும் மட்டும் காப்பாற்றுங்கள். ஓரங்கள் பழுப்பாகட்டும். அருகம்புல் அடித்தண்டில் உயிரை வைத்திருக்கும், மழை பெய்ததும் துளிர்க்கும். அதுவரை அங்கே வண்டி ஏற விடாதீர்கள், யூரியாவும் போடாதீர்கள்.