எந்த ஆப்பிள் எதற்கு? வேலூர் பழக்கடையிலிருந்து அடுப்பு வரை

வேலூரில் ஆப்பிள் என்றாலே பலருக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வரும். சி.எம்.சி.யில் சேர்த்திருக்கும் யாரையாவது பார்க்கப் போகும்போது ஒரு கிலோ வாங்குவோம். சிவப்பாகப் பளபளவென்று இருந்தால் போதும், எடுத்துவிடுவோம். அதே பழக்கத்தில் வீட்டுக்கும் வாங்கி, ‘ஐயே, மாவா இருக்கு’ என்று ஒரு கடியோடு பிள்ளைகள் வைத்துவிட, மிச்சம் ஃபிரிட்ஜில் கிடக்கும். வாங்கும் முன்பே எதற்கு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீர்ந்துவிடும். கடித்துத் தின்ன ஒரு ரகம், தொக்குக்கு ஒரு ரகம், அல்வாவுக்கு இன்னொன்று.

படி 1: கடையில் இருப்பவை எவை?

நேதாஜி மார்க்கெட்டிலோ லாங் பஜார் பக்கமோ பார்த்தால் பெரும்பாலும் இந்த ஐந்தாறு வகைதான் கண்ணில் படும்.

சிம்லா ஆப்பிள், காஷ்மீர் ஆப்பிள் என்று விற்பது பெரும்பாலும் டெலிஷியஸ் குடும்பம். அடிப்பக்கம் குறுகி ஐந்து முடிச்சு தெரியும். இதன் பூர்வீகம் அமெரிக்காவின் அயோவா மாநிலம். சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916 வாக்கில் இமாச்சலத்தின் கோட்கரில் இதை நட்டுப் பரப்பினார். ஆக, நாம் ‘நாட்டு ஆப்பிள்’ என்று வாங்குவதும் வெளியூர்க்காரர்தான். வாஷிங்டன் ஆப்பிள் என்று விற்பதிலும் பெரும்பாலும் இதே ரகம்தான். நிறம் மட்டும் அடர் சிவப்பு.

ராயல் காலா நியூசிலாந்து ரகம். சின்னதாக, மஞ்சள் மேல் சிவப்புக் கோடு போட்டது போல இருக்கும். தோல் மெல்லியது, புளிப்பு குறைவு. ஃபியூஜி ஜப்பானில் உருவாகி 1962-இல் பெயர் பெற்றது. உருண்டை, நல்ல கனம், நல்ல தித்திப்பு. கிரீன் ஆப்பிள் என்பது கிரானி ஸ்மித். 1868 வாக்கில் ஆஸ்திரேலியாவில் மரியா ஆன் ஸ்மித் என்ற பெண்மணியின் தோட்டத்தில் தானாக முளைத்த செடியின் வம்சம் இது. மஞ்சள் கோல்டன் எப்போதாவது வரும்.

ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலே வெளிநாட்டுப் பழம் என்று நினைக்க வேண்டாம், உள்நாட்டுப் பழத்திலும் ஒட்டுகிறார்கள். ஆனால் இறக்குமதிப் பழத்தில் நான்கு இலக்க எண் இருந்தால் ரகம் தெரிந்துவிடும்: 4017 என்றால் கிரானி ஸ்மித், 4131 ஃபியூஜி, 4173 அல்லது 4174 காலா.

படி 2: எந்த மாதம் எதை எடுப்பது?

இமாச்சலப் பழம் ஜூலை, ஆகஸ்டில் வரத் தொடங்கும். காஷ்மீர்ப் பழம் செப்டம்பரிலிருந்து. அதனால்தான் விநாயகர் சதுர்த்தி முதல் ஆயுத பூஜை, தீபாவளி வரை டெலிஷியஸ் மொறுமொறுப்பாகவும் கொஞ்சம் சகாய விலையிலும் கிடைக்கிறது. அப்போது தாராளமாக வாங்குங்கள். மார்ச்சுக்குப் பிறகு விற்கும் உள்நாட்டுப் பழம் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வருவது. அங்கே நன்றாகத்தான் இருக்கும். வெளியே வந்து நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் தள்ளுவண்டியில் இரண்டு நாள் நின்றால் கதை முடிந்தது. அந்த மாதங்களில் கடித்துத் தின்ன வேண்டுமென்றால் பூமியின் தென்பாதியில் அப்போதுதான் பறித்து வரும் காலாவை எடுப்பேன்.

படி 3: கையில் எடுத்துப் பாருங்கள்

சிவப்பை நம்பாதீர்கள். சிவப்பு ஏறாத இடத்தில், காம்புக் குழிக்குப் பக்கத்தில், அடிநிறம் என்ன என்று பாருங்கள். பச்சை கலந்த வெளிர்மஞ்சள் நல்லது. முழு மஞ்சளாகிவிட்ட டெலிஷியஸ் பெரும்பாலும் மாவாகத்தான் இருக்கும். ஒரே அளவுள்ள இரண்டு பழத்தைக் கைக்கு ஒன்றாக எடுத்து, கனமானதை வாங்குங்கள். விரல் நகத்தால் சுண்டினால் ‘டக்’ என்று கேட்க வேண்டும், ‘பொத்’ என்று அமுங்கிக் கேட்டால் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் கடைக்காரரிடமே, “அண்ணே, மொறுமொறுன்னு இருக்குமா, மாவா இருக்குமா?” என்று கேட்டுவிடலாம். வாடிக்கையாகப் போகிற கடை என்றால் ஒன்றை அறுத்தே காட்டுவார்.

மாவு என்கிறோமே, அது கெட்டுப்போனது அல்ல. பழத்தின் நுண்ணறைகளை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை நாளாக ஆகக் கரைகிறது. கடிக்கும்போது அறைகள் உடைந்து சாறு வருவதற்குப் பதில் ஒன்றைவிட்டு ஒன்று கழன்று வந்துவிடுகின்றன. சாறு உள்ளேயே நின்றுவிடுவதால் நாக்குக்கு வறட்சியாகத் தெரிகிறது. தின்ன நன்றாக இருக்காது, ஆனால் கிளறுவதற்கு இதுதான் வசதி. அடுப்பில் சீக்கிரம் குழைந்துவிடும்.

படி 4: எது எதற்கு?

நறுக்கி அப்படியே சாப்பிட ஃபியூஜி, காலா, சீசனில் டெலிஷியஸ். டிபன் பாக்ஸில் வைப்பதென்றால் நறுக்கியதும் உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுங்கள், கறுக்காது. லேசாக ஒரு சிட்டிகை உப்பு போதும்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குக் காலா. தோல் சீவி, விதை எடுத்து, இட்லிப் பானையில் பத்து நிமிடம் வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். பச்சையாகத் துண்டு கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும்.

மில்க் ஷேக்குக்கு எதுவும் சரி. கிரீன் ஆப்பிள் மட்டும் வேண்டாம். புளிப்பில் பால் திரிந்தாலும் திரியும்.

ஆம்பூர் பிரியாணி வாங்கி வரும் நாளில் இதைச் செய்து பாருங்கள்: வெங்காயப் பச்சடியில் பாதி வெங்காயத்தைக் குறைத்துவிட்டு, கிரீன் ஆப்பிளைத் தோலோடு பொடியாக அரிந்து தயிரில் போடுங்கள். எண்ணெய்க் கத்திரிக்காய் பக்கத்தில் இருக்க, நடுநடுவே இது நறுக்கென்று கடிபடும். கத்திரிக்காயை எடுத்துவிட்டு இதை வைக்கச் சொல்லவில்லை, அது பாவம்.

படி 5: கிரீன் ஆப்பிள் தொக்கு

மாங்காய் கிடைக்காத மாதங்களுக்கு ஏற்றது. இரண்டு கிரீன் ஆப்பிள் (சுமார் 400 கிராம்), நல்லெண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, கடுகு ஒரு தேக்கரண்டி, பெருங்காயம், மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரை தேக்கரண்டி, உப்பு, வறுத்துப் பொடித்த வெந்தயம் கால் தேக்கரண்டி, நெல்லிக்காய் அளவு வெல்லம், அரை எலுமிச்சைச் சாறு.

ஆப்பிளைத் தோலோடு துருவுங்கள். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, பெருங்காயம் போட்டுத் தாளித்து, துருவலை உடனே கொட்டுங்கள். துருவி வைத்துவிட்டு மற்ற வேலை பார்த்தால் பழுப்பேறிவிடும். மஞ்சள், உப்பு சேர்த்து மிதமான தீயில் கிளறுங்கள். முதலில் நிறையத் தண்ணீர் விடும், பயப்பட வேண்டாம். அது வற்றி, துருவல் பாதியாகச் சுருங்கியதும் மிளகாய்த்தூள். முதலிலேயே போட்டால் அடிபிடித்துக் காந்தும். வெல்லம் போட்டு, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வரும்வரை இன்னும் ஐந்தாறு நிமிடம். இறக்கி வெந்தயப்பொடியும் எலுமிச்சையும். மாங்காய் அளவுக்கு இதில் புளிப்பு கிடையாது, எலுமிச்சையைத் தவிர்க்க வேண்டாம். புளிப்பு குறைவு என்பதாலேயே வெளியில் வைத்தால் தாங்காது, ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். தயிர்ச்சோறு வைத்தால் அதுவரை வராது.

படி 6: மாவு ஆப்பிளில் அல்வா

மூன்று பழத்தைத் தோல் சீவித் துருவி, மூன்று மேசைக்கரண்டி நெய்யில் வதக்குங்கள். தண்ணீர் சுண்டி, நன்றாகக் குழைந்த பிறகுதான் சர்க்கரை, அரை கப் போதும். ஏனென்றால் சர்க்கரையை முன்னாலேயே போட்டால் துருவல் விறைத்துக்கொண்டு, குழைய நேரமெடுக்கும். துண்டு துண்டாக நிற்க வேண்டிய பதார்த்தத்துக்கு இதையே மாற்றிச் செய்யலாம். ஏலக்காய், வறுத்த முந்திரி சேர்த்துச் சுருண்டு வரும்போது இறக்குங்கள். டெலிஷியஸில் புளிப்பு இல்லாததால் வெறும் இனிப்பாகத் திகட்டும்; கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் பழத்தின் ருசி மேலே வரும். கேசரிக்கலர் உங்கள் இஷ்டம், நான் போடுவதில்லை.

வைப்பது பற்றி: ஃபிரிட்ஜின் காய்கறி டிராயில், பையில் கட்டி வையுங்கள். ஆப்பிள் எத்திலீன் வாயுவை விடும், கட்டாமல் போட்டால் பக்கத்தில் இருக்கும் கீரையும் வெள்ளரியும் மஞ்சளாகிவிடும். வாழைக்காய்ச் சீப்பு பழுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் ஒரு ஆப்பிளை அதோடு சேர்த்துக் காகிதப் பையில் சுற்றி வைத்துவிடுங்கள், வேலை நடக்கும்.