எம்ஜிபி: எரிபொருள் சிக்கனமும் உள்ளலங்காரமும்

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான எம்ஜிபி திறந்த காரின் 1798 சிசி எஞ்சின் பெட்ரோலை அதிகம் குடிப்பதாகத் தோன்றினால், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரைத் தொடுமுன், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கின் கேபிள் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புகிறதா, பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் (மின்தொடர்பு முனை) இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பற்றவைப்பு நேரத்தைச் சரிசெய்யாமல் பெட்ரோல்-காற்றுக் கலவையைத் திருத்துவது வீண் வேலை.

பின்னர், நன்கு சூடான எஞ்சின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது, இரட்டை எஸ்யு கார்பரேட்டர்களில் ஒன்றின் பிஸ்டனை அதைத் தூக்குவதற்கென உள்ள சிறு ஊசியால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மட்டும் உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெட்ரோல் மிகுதி. எஞ்சின் தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. சற்றே கூடி உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி. மற்றொன்றையும் இவ்வாறே சோதித்து, முடிவில் முதலாவதை மறுபடி பாருங்கள், ஏனெனில் ஒன்றின் மாற்றம் மற்றதைப் பாதிக்கும். கார்பரேட்டரின் காற்றுவழியைத் திறந்து மூடும் திராட்டில் தண்டு தேய்ந்து, அதன் வழியே காற்று கசிந்தால் எந்தத் திருத்தமும் நிலைக்காது.

உள்ளே, புதிய கம்பளத்தை வாங்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, பழையதை அகற்றித் தரைத்தகட்டின் துருவையும் மழைநீர் புகும் வழியையும் முதலில் கவனியுங்கள். ஈரத்தின்மேல் விரித்த கம்பளம் துருவை மறைத்து வளர்க்கும். அமரும்போது இருக்கை தாழ்ந்தால், மெத்தைக்கு அடியிலுள்ள ரப்பர் தாங்கி தளர்ந்திருக்கலாம். வினைல் உறையை வெயிலில் மிதமாகச் சூடாக்கி இழுத்தால் சுருக்கமின்றிப் பொருந்தும்.